கரிச்சான் பாட்டைப் பாதி வேகத்தில் கேளுங்கள்

குண்டுக்கரிச்சான் குருவியின் பாட்டைச் செல்போனில் பதிவு செய்து, பாதி வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். ஒரே சீட்டியாகக் காதில் விழுந்தது தனித்தனி சுரமாகப் பிரியும். நடுவில் வழுக்கும் கமகம்கூடப் பிடிபடும். கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் போதும், காசு கிடையாது. வேகத்தோடு சுருதியும் சேர்ந்து இறங்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். யூடியூபில் வேகம் குறைத்தால் சுருதி அப்படியே நிற்கும், பாதிப் பயன்தான்.

பறவையின் குரல் உறுப்பு, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் நெஞ்சுக்குள் இருக்கிறது. பாடும் பறவைகளில் இரண்டு பக்கமும் தனித்தனியே ஒலி எழுப்பும். நம் காது பிரித்தறிவதற்குள் அடுத்த சுரத்துக்குத் தாவிவிடும். பாதி வேகத்தில் அதிர்வெண்ணும் பாதியாகும், அதாவது சரியாக ஒரு ஸ்தாயி கீழே. சுரங்களின் உறவு மாறாததால் ஆர்மோனியத்தில் தேடிப் பார்க்கலாம்.

பங்குனி, சித்திரையில் விடியுமுன் தாமிரபரணிக் கரைத் தோப்புகளில் பதிவு செய்வது நல்லது. ஆடிக் காற்றில் போனால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். செம்போத்துக்கு இது வேண்டாம்; ஏற்கெனவே கீழ்க்குரல், இன்னும் இறக்கினால் முனகலாகிவிடும். கூந்தன்குளத்து மஞ்சள்மூக்கு நாரைகளிடமும் பலிக்காது, அவை பெரும்பாலும் அலகைத் தட்டுவதோடு சரி. பதிவைக் கரிச்சான் இருக்கும் இடத்திலேயே ஓட்டாதீர்கள்; எதிரி வந்துவிட்டதென்று சண்டைக்கு வரும்.