வீட்டுப் பட்டறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கும் முன்

10க்கு 12 அடி அறை, உயரம் 10 அடி என்றால் கொள்ளளவு 1,200 கன அடி. மர வேலை, பற்றவைப்பு செய்யும் இடத்தில் மணிக்குப் பத்து முறையாவது காற்று மாற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது நிமிடத்துக்கு 200 கன அடி. மணிக்கு ஏறத்தாழ 340 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் இதைவிடக் கூடுதலாக இருக்கட்டும். வலையும் தூசியும் காற்றின் வேகத்தைக் குறைத்துவிடும்.

பலரும் கோட்டை விடுவது, காற்று உள்ளே வரும் வழியில்தான். கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டால் எவ்வளவு பெரிய ஃபேனும் வீண். ஃபேனுக்கு எதிர்ச்சுவரில் ஒரு சதுர அடியாவது திறப்பு தேவை. அதற்குப் பக்கத்திலேயே ஃபேனை மாட்டினால் வந்த காற்று அப்படியே வெளியேறும். மேசையருகே புகை தேங்கியே நிற்கும். சந்தேகமானால் மேசைமேல் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திப் பாருங்கள். புகை உங்கள் முகத்தைத் தொடாமல் ஃபேனை நோக்கிச் சாய்ந்து போக வேண்டும்.

தின்னர், பெயின்ட் இருக்கும்போது இந்தச் சோதனை கூடவே கூடாது. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படியும். சாதாரண மோட்டாரின் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். ஸ்பிரே வேலையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள். இழைக்கும்போது, ஃபேன் ஓடினாலும் என்95 முகக்கவசம் கட்டாயம்.