தொங்கு சட்டமன்றம்: கூட்டணிக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

யாருக்கும் பெரும்பான்மை இல்லை என்று முடிவு வந்ததும் பலரும் சொல்வது, "அதிக இடம் பிடித்த கட்சிக்குத்தானே ஆட்சி?" அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வரியும் இல்லை. 2017-ல் கோவாவின் 40 இடங்களில் 17-ஐ வென்ற காங்கிரஸ் எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது. 13 இடம் பெற்ற பாஜக சிறிய கட்சிகளையும் சுயேச்சைகளையும் சேர்த்து ஆட்சி அமைத்தது. மறு ஆண்டே கர்நாடகத்தில் 'நாங்கள்தான் தனிப்பெரும் கட்சி' என்று பாஜக உரிமை கோர, கோவாவில் அதையே பேசிய காங்கிரஸ் கூட்டணிக் கணக்கைக் காட்டியது. கொள்கை என்று நினைத்து இதைக் கேட்டால் தலைதான் சுற்றும்.

தேர்தலுக்கு முன்பே கூட்டணி இருந்தால் சிக்கல் வராது என்பதும் தப்புக்கணக்கு. 2019 மகாராஷ்டிரத்தில் பெரும்பான்மைக்கு 145 போதும். பாஜகவின் 105, சிவசேனையின் 56 சேர்ந்தால் 161. ஆனாலும் முதல்வர் பதவியைப் பங்குபோடுவதில் கூட்டணி உடைந்தது. வாக்கு கொடுத்ததாக ஒரு தரப்பு, கொடுக்கவில்லை என மறுதரப்பு. அதை எந்த நீதிமன்றத்திலும் வழக்காடி வாங்க முடியாது.

பெரிய தவறு, ஆதரவுக் கடிதத்தை ஆதரவு என்றே எடுத்துக்கொள்வது. அந்த நவம்பர் 23 காலையில் பாஜகவின் ஃபட்னவிஸ் முதல்வராகவும் தேசியவாத காங்கிரஸின் அஜித் பவார் துணை முதல்வராகவும் பதவியேற்றது பவார் கட்சியின் 54 உறுப்பினர் பட்டியலை நம்பித்தான். அந்தக் கையெழுத்துகள் வேறு காரியத்துக்கு வாங்கியவை என்று கட்சி வாதிட்டது. கையெழுத்து யாருடையது, எதற்கு என்ற விசாரணைக்குள் உச்ச நீதிமன்றம் போகவில்லை. மறுநாள் மாலை 5 மணிக்குள் வாக்கெடுப்பு, ரகசிய வாக்கு கூடாது, நேரடி ஒளிபரப்பு வேண்டும் என்று 26-ஆம் தேதி உத்தரவிட்டது. அன்றே இருவரும் ராஜினாமா.

அதனால் ஆளுநர் யாரை அழைத்தார் என்பதைவிட, பெரும்பான்மையை நிரூபிக்க எத்தனை நாள் கொடுத்தார் என்பதைப் பாருங்கள். 2018-ல் கர்நாடகத்தில் பாஜக முதல்வர் எடியூரப்பாவுக்கு ஆளுநர் கொடுத்தது 15 நாள். நீதிமன்றம் அதைச் சுருக்கியதும் வாக்கெடுப்புக்கு முன்பே அவர் விலகினார். எம்எல்ஏக்களை அடைத்துவைக்கும் ரிசார்ட்டுகளுக்கு வேலை இருப்பதே அந்த இடைவெளியில்தான்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் காப்பாற்றும் என்றும் இருந்துவிட வேண்டாம். மூன்றில் ஒரு பங்கினர் பிரிந்தால் பதவி தப்பும் என்ற விலக்கு 2003-லேயே போய்விட்டது. அணி மாற நினைப்பவர்களுக்கு இப்போதைய வழி ராஜினாமா. அவையின் பலம் குறைந்தால் பெரும்பான்மைக்கான எண்ணும் இறங்கும். 2019 ஜூலையில் கர்நாடக முதல்வர் குமாரசாமி 99-105 என்று தோற்றது, ராஜினாமா கொடுத்தவர்கள் வாக்கெடுப்புக்கு வராததால்தான். பதவியிழந்தவர்களில் பெரும்பாலோர் டிசம்பர் இடைத்தேர்தலில் பாஜக வேட்பாளர்களாக நின்றார்கள். 15 தொகுதிகளில் 12 அக்கட்சிக்குக் கிடைத்தன.