நீராவி அறைக்கு மின்சாரம்: முதலில் கணக்கு

நீராவி அறைக்கு நீராவி உண்டாக்கும் இயந்திரம் வாங்குமுன் அதன் கிலோவாட் அளவைப் பாருங்கள். 9 கிலோவாட் இயந்திரம் 240 வோல்ட்டில் 37.5 ஆம்பியர் இழுக்கும். தொடர்ந்து ஓடும் சுமை என்பதால் 25 சதவீதம் கூட்டினால் ஏறக்குறைய 47. ஆகவே 50 ஆம்பியர் பிரேக்கரும் அதைத் தாங்கும் கம்பியும் வேண்டும். மும்முனை இணைப்பு இருந்தால் 400 வோல்ட்டில் ஒரு முனைக்குச் சுமார் 13 ஆம்பியர்தான்.

எவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டும் என்று முடிவுசெய்ய அறையின் கன அளவை மட்டும் நம்பாதீர்கள். கருங்கல், பளிங்குச் சுவர்கள் வெப்பத்தை விழுங்கும். பெரிய இயந்திரம் தேவைப்படலாம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். டைல்ஸ் ஒட்டியபின் கம்பி மாற்றுவது பெரும் தலைவலி.

தனி இணைப்பு கட்டாயம். கீசரோடு பங்கு போடக்கூடாது. நில இணைப்பு, கசிவு மின்தடுப்பான் இரண்டையும் உரிமம் பெற்ற மின்பணியாளரே பொருத்தட்டும். இயந்திரம் நீராவி அறைக்கு வெளியே, பழுதுபார்க்கக் கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.