டிஸ்கோர்டை விட்டு வேறு இடம் தேடும் கேமிங் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேமர்கள் குழுவாகக் கூடிக் கதைக்கவும் எழுதவும் பாவிக்கும் டிஸ்கோர்ட் ஆப், 2025 ஒக்டோபரில் ஓர் அறிவிப்பு விட்டது. வாடிக்கையாளர் சேவையைக் கவனித்த வெளி நிறுவனம் ஒன்றில் கைவரிசை காட்டப்பட்டதில், சுமார் 70,000 பேரின் அடையாள ஆவணப் படங்கள் வெளியே போயிருக்கலாம் என்றது. வயதை நிரூபிக்கச் சொல்லிக் கேட்டு வாங்கிய படங்களும் அதில் அடக்கம். அதற்குப் பிறகு கொழும்பின் கேமிங் குழுக்களிலும் "வேற எங்கயாவது போவமா?" என்ற பேச்சு அடிக்கடி கிளம்புகிறது. தாராளமாகப் போகலாம். ஆனால் கோபம் வந்த இரவே புதுச் சேர்வர், அதாவது குழு கூடும் இடம், திறந்து, விடிந்ததும் எல்லோரையும் வரச் சொல்கிற குழு பெரும்பாலும் இரண்டாக உடைகிறது. பாதிப் பேர் அங்கே, பாதிப் பேர் இங்கே. மேட்ச் தொடங்கும் நேரத்தில் "மச்சான், எங்கடா நிக்கிற?" என்று ஐந்தாவது ஆளைத் தேடி வாட்ஸ்அப்பில் கூப்பிட வேண்டியிருக்கும்.

வசதிப் பட்டியலைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தொடக்கம். எந்த ஆப்பில் எத்தனை இமோஜி, எவ்வளவு பெரிய ஃபைல் என்று ஒப்பிட்டுக்கொண்டிருப்போம். வெள்ளிக்கிழமை இரவு உங்கள் குழு உண்மையில் என்ன செய்கிறது என்று அதற்கு முன் பாருங்கள். ஐந்து பேர் கணினியில் வலரண்ட் ஆடியபடி கதைக்கிறார்களா? அவர்களுக்குக் குரல் தெளிவாக இருந்தால் போதும், மற்றதெல்லாம் பிறகு. நாற்பது பேர் போனில் பப்ஜி ஆடுகிறார்களா? அவர்கள் குழுவைத் திறப்பதே டோர்னமெண்ட் நேரம் பார்க்கவும் கஸ்டம் ரூம் பாஸ்வேர்ட் எடுக்கவும்தான். மைக் கேமுக்குள்ளேயே இருக்கிறது. அறிவிப்பு பிந்தாமல் வர வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டு குழுக்களுக்கும் ஒரே பதிலைச் சொல்லும் யூடியூப் வீடியோவை நம்ப வேண்டாம்.

குரல்தான் முக்கியம் என்றால் மம்பிளும் டீம்ஸ்பீக்கும் இன்னும் இருக்கின்றன. 2015இல் டிஸ்கோர்ட் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே வந்தவை. மம்பிள் முழுக்க இலவசம், திறந்த மூல மென்பொருள். டீம்ஸ்பீக் சேர்வரை 32 பேர் வரை காசு கட்டாமல் நடத்தலாம். நம்மவர்கள் கோட்டை விடுவது சேர்வரை, அதாவது குரலை வாங்கி மற்றவர்களுக்கு அனுப்பும் கணினியை, எங்கே வைப்பது என்பதில். மலிவு என்று பிராங்பேர்ட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்துவிடுகிறார்கள். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். கொழும்பிலிருந்து பிராங்பேர்ட் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். வெள்ளவத்தையில் ஒருவர் பேசுவது தெஹிவளையில் இருப்பவருக்குக் கேட்க, குரல் ஜெர்மனி போய்த் திரும்ப வேண்டும். கேபிள் நேர்கோட்டில் கிடந்தாலே 80 மில்லிசெக்கன். கேபிள் எங்கே நேர்கோட்டில் கிடக்கிறது? கடலைச் சுற்றி, ஊர் ஊராக ரவுட்டர் ஏறி இறங்கி வருவதால் உண்மைக் கணக்கு இதைவிடக் கூடத்தான். சிங்கப்பூர் சுமார் 2,700 கிலோமீட்டர். அதே கணக்கில் 27 மில்லிசெக்கன். "பின்னால வாறான்" என்ற சத்தம் ஆள் செத்த பிறகு காதில் விழுந்து என்ன பயன்? மாதம் சில டொலர் கூடப் போனாலும் சிங்கப்பூர் அல்லது இந்தியாவில் எடுங்கள்.

டேட்டா பற்றிய பயம் பெரும்பாலும் தப்பான இடத்தில் இருக்கிறது. குரல் அதிகம் தின்னாது. வினாடிக்கு 64 கிலோபிட் என்ற நல்ல தரத்தில் ஒருவர் ஒரு மணி நேரம் மூச்சுவிடாமல் பேசினாலும் 29 எம்பிதான் ஆகும். தின்பது திரைப் பகிர்வு. 2.5 மெகாபிட்டில் ஒரு மணி நேரம் பார்த்தால் 1 ஜிபிக்கு மேல் போய்விடும். இங்கே கவனிக்க வேண்டியது இன்னொன்று. சமூக ஊடகப் பக்கேஜ் போட்டிருக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பக்கேஜில் பெயர் உள்ள ஆப்புகள் மட்டுமே அதில் சேரும். நீங்கள் கண்டுபிடித்த அருமையான புது ஆப் சாதாரண டேட்டாவில்தான் வெட்டும். ஃபைபர் வைத்திருக்கும் அட்மினுக்கு இது தெரியவே வராது. அதனால் முடிவெடுக்கும் முன், குழுவிலேயே ஆகப் பழைய போனும் ஆகச் சின்னப் பக்கேஜும் வைத்திருப்பவரைக் கூப்பிட்டு ஒரு மாலை முழுக்கப் பாவிக்கச் சொல்லுங்கள். அவருடைய போன் சூடேறி கேம் திக்கினால், அந்த ஆப் உங்களுக்குச் சரிவராது.

"எல்லாரும் வாட்ஸ்அப்பில இருக்கிறம்தானே, அங்கயே வைப்பம்" என்பது சோம்பேறித்தனமான தீர்வு. எனக்கு ஆகப் பிடிக்காததும் அதுதான். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேரும் எவருக்கும் மற்றவர்களின் தொலைபேசி இலக்கம் தெரியும். பள்ளிக்கூட நண்பர்கள் எட்டுப் பேர் என்றால் பரவாயில்லை. யாரென்றே தெரியாத நூறு பேர் சேரும் கிளானில், சாதாரண தரம் படிக்கும் பிள்ளைகளும் பெண் பிளேயர்களும் தங்கள் இலக்கத்தை அந்த நூறு பேருக்கும் கொடுக்கிறார்கள். ஒரு மேட்ச் தோற்ற கோபத்தில் நடுச்சாமத்தில் எவனோ கோல் எடுப்பான். குழுவை விட்டு அவனை நீக்கலாம், அவன் போனில் இருக்கும் இலக்கத்தை நீக்க முடியாது. டெலிகிராமில் இலக்கத்தை மறைக்கலாம், குழுவும் மிகப் பெரிதாக வளரலாம். ஆனால் அங்கே குழு அரட்டை முழுமையாகக் குறியாக்கம் செய்யப்படுவதில்லை, அதாவது குழுவில் உள்ளவர்கள் மட்டுமே படிக்கும்படி பூட்டப்படுவதில்லை. "ரகசியமானது" என்று நினைத்துப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போகட்டும்.

ரகசியம் என்றதும் மேட்ரிக்ஸ் என்ற திறந்த அரட்டை வலையமைப்பில் ஓடும் எலிமென்ட் ஆப் ஞாபகம் வரும். நல்ல கருவிதான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் நல்லது என்று நினைத்துப் பொது அறையிலும் குறியாக்கத்தைப் போட்டுவிடுகிறார்கள். ஓர் அறையில் ஒருமுறை போட்டால் பிறகு நிறுத்த முடியாது. போன் மாற்றி, மீட்புச் சாவியைத் தொலைத்தவருக்குப் பழைய செய்திகள் திறக்காது. யார் வேண்டுமானாலும் உள்ளே வரக்கூடிய அறையில் அந்தப் பூட்டு யாரிடமிருந்து காக்கிறது என்பதும் கேள்விதான். அட்மின்கள் மட்டும் கதைக்கும் அறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொது அறைக்கு வேண்டாம்.

அடுத்தது, தமிழ்க் குழுக்கள் மட்டும் மாட்டிக்கொள்ளும் சிக்கல். கெட்ட வார்த்தையைத் தானாகத் தடுக்கும் வசதி இருக்கிறது என்று ஆப் சொன்னால், நம்பிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றே சேர்ந்தது ஒரு விதம். கொம்பும் காலும் தனித்தனியாகச் சேர்ந்தது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்கத் தெரியாத வடிகட்டிக்கோ அவை வேறு வேறு சொற்கள். அப்புறம், நம் பிள்ளைகள் எங்கே தமிழ் எழுத்தில் திட்டுகிறார்கள்? ஆங்கில எழுத்தில் தமிழ், ஆங்கில எழுத்தில் சிங்களம், ஒரே வார்த்தைக்கு ஆறு எழுத்துக்கூட்டு. அந்தப் பட்டியலை நீங்களே உட்கார்ந்து தயாரிக்க வேண்டும். எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமான வேலைதான். சிங்களம் தெரிந்த மொடரேட்டர் ஒருவரும் குழுவில் இருந்தாக வேண்டும். இனத்தைச் சொல்லித் திட்டுவது எந்த நேரத்திலும் கிளம்பும்; அதை அந்த மொழி தெரியாதவர் கண்டுபிடிக்க முடியாது.

சொந்தச் சேர்வர் என்பது கேட்க நன்றாக இருக்கும். பில் டொலரில் வரும். 2022 தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டது ஞாபகம் இருக்கிறதா? அந்த நேரத்தில் ஒருவருடைய கார்டை மட்டும் நம்பியிருக்கும் குழுவின் கதி என்ன? காசில்லாமல் வீட்டுக் கணினியிலேயே ஓட்டலாம் என்றால், 4ஜி ரவுட்டர் இணைப்புகளில் பலவற்றுக்குத் தனி ஐபி முகவரி கிடைக்காது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கிடைத்தாலும் வீட்டு இணைப்பின் ஐபி முகவரியை ஊருக்குக் காட்டுகிறீர்கள், கரண்ட் போனால் குழுவும் போகும். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரே பையன்தான் சேர்வரைப் பார்த்துக்கொள்கிறான் என்றால், பரீட்சை மாதத்தில் அதைப் புதுப்பிக்க ஆள் இல்லை. இரண்டு பேருக்கு அந்த வேலை தெரிந்திருக்காவிட்டால் சொந்தச் சேர்வர் எண்ணத்தைக் கைவிடுவதே நல்லது.

இன்னொருவருடைய இடமும் நிரந்தரமில்லை. டிஸ்கோர்டுக்கு மாற்று என்று கேமர்கள் கொண்டாடிய கில்டெட்டை 2021இல் ரோப்லொக்ஸ் வாங்கியது. 2025 முடிவில் மூடிவிட்டது. அதே ஆண்டு மே மாதம் ஸ்கைப்பும் போனது. டிஸ்கோர்ட் போலவே தோற்றமளிக்கும் ரிவோல்ட், 2025இல் பெயரை ஸ்டோட் என்று மாற்றிக்கொண்டது. சின்னக் குழு நடத்தும் ஆப்பைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் செய்திகளையும் உறுப்பினர் பட்டியலையும் வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். டிஸ்கோர்டிலேயே ஒரு சேர்வர் முழுவதையும் எடுத்துப்போகும் அதிகாரபூர்வப் பொத்தான் கிடையாது. டோர்னமெண்ட் விதிகள், பழைய முடிவுகள், யார் எந்த அணி போன்றவற்றை வேறோர் ஆவணத்தில் கையால் எழுதி வைக்கத்தான் வேண்டும்.

இலங்கையில் இருந்துகொண்டு ஒரே ஆப்பை நம்புவதும் சரியல்ல. 2018 மார்ச், 2019 ஏப்ரல், 2022 ஏப்ரல் என்று பல முறை சமூக ஊடகங்கள் நாடு முழுக்க முடக்கப்பட்டன. எந்தப் பட்டியலில் எந்த ஆப் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. வேறு நிறுவனத்துடைய இரண்டாவது இடம் ஒன்றைத் திறந்து வையுங்கள். ஸ்டீமில் குழு அரட்டையும் குரலும் இருக்கின்றன. கணினியில் ஆடுகிறவர்களிடம் அது ஏற்கெனவே இருக்கும். அட்மின்கள் நாலைந்து பேர் மட்டும் ஒருவருக்கொருவர் இலக்கம் வைத்திருந்தால் போதும்.

மாறுவது என்று முடிவானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் தூக்கிப்போட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி மேட்சை மட்டும் புது இடத்துக்கு மாற்றுங்கள். ஆட வேண்டுமென்றால் அங்கே வந்துதான் ஆக வேண்டும் என்பதால் ஆட்கள் வருவார்கள். சும்மா அரட்டைக்காக யாரும் இடம் மாற மாட்டார்கள். உரிமையாளர் கணக்கின் மீட்புக் குறியீடுகளை இரண்டு பேர் வைத்திருக்கட்டும். பழைய சேர்வரை அழிக்காமல், யாரும் எழுத முடியாதபடி பூட்டி, புது இணைப்பை மேலே குத்தி வையுங்கள். பூட்டும் முன் அங்கே சேர்த்த பொட்களை (தானாக இயங்கும் கணக்குகளை) வெளியேற்றி, வெளியிலிருந்து தானாகச் செய்தி போட வழிவிடும் வெப்ஹூக்குகளையும் நீக்கிவிடுங்கள். கவனிப்பாரற்ற சேர்வரில் கைமாறிப்போன ஒரு பொட், உங்கள் பெயரில் "இலவச ஸ்கின்" இணைப்பை எல்லோருக்கும் அனுப்பிவிடும்.