மினி சூப்பர்மோட்டோ: வண்டியைத் தயார்செய்து ட்ராக்கில் ஓட்டப் பழகுவது எப்படி

மினி சூப்பர்மோட்டோ என்பது சின்ன மண் ட்ராக் பைக்குக்கு ரேஸ் டயர் போட்டு, தார் ட்ராக்கில் ஓட்டுவது. இதில் ஒருமுறை விட்ட வேகத்தை மறுபடி பிடிக்க நேரமாகும். கவாஸாகி கேஎல்எக்ஸ் 110, ஹோண்டா சிஆர்எஃப் 110எஃப் மாதிரி வண்டிகளில் இருப்பது ஏழெட்டுக் குதிரைத்திறன்தான். வளைவில் தேவையில்லாமல் மணிக்கு 5 கிலோமீட்டர் குறைத்துவிட்டால், அடுத்த நேர்பாதை முழுவதும் அதை ஈடுகட்டுவதிலேயே போய்விடும். ஆகவே ஓட்டுவதானாலும் செட்டப் ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வளைவுக்குள் இன்னும் கொஞ்சம் வேகத்தைத் தக்கவைக்க இது உதவுமா?

சக்கரம் மாற்றும்போது கூடவே மாறுபவை

இந்த வண்டிகள் மண் ட்ராக்குக்காக வருபவை. முன்னால் 14 அங்குலம், பின்னால் 12 அங்குலம், இரண்டிலும் மண்ணைப் பிடிக்கும் கட்டை கட்டையான பற்கள் உள்ள டயர். தார் ட்ராக்குக்கு இரண்டு பக்கமும் 12 அங்குல அகல ரிம் போட்டு, முன்னால் 100/90-12, பின்னால் 120/80-12 ஸ்லிக் (கோடுகள் இல்லாத வழவழப்பான ரேஸ் டயர்) போடுவது வழக்கம். முதல் எண் மி.மீ.-இல் அகலம், அடுத்தது அகலத்தில் எத்தனை சதவீதம் உயரம், கடைசி எண் ரிம் அங்குலம். பழைய ஒல்லி ரிம்மிலேயே அகல டயரை ஏற்றக் கூடாது. டயர் இறுக்கப்பட்டு நடுவில் கூம்பிக்கொள்ளும், சாய்க்கும்போது ஓரத்தில் தரையோடு ஒட்டும் பரப்பு குறையும்.

பலரும் கவனிக்காமல் விடுவது டயரின் உயரத்தை. முன்பக்கம் வண்டியோடு வரும் 2.50-14 டயரின் வெளிவிட்டம் கணக்குப்படி 483 மி.மீ., 100/90-12 டயருக்கு 485 மி.மீ. அங்கே வித்தியாசமே இல்லை. பின்பக்கம் கதை வேறு. வண்டியோடு வரும் 3.00-12 டயருக்கு 457 மி.மீ., 120/80-12 டயருக்கு 497 மி.மீ. விட்டத்தில் 40 மி.மீ. கூடுவதால் வண்டியின் பின்புறம் 20 மி.மீ. தூக்கிக்கொள்ளும். அதனால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் சாய்வு செங்குத்தாகி, வண்டி சட்டென்று திரும்பும். குறுகலான ட்ராக்கில் இது நல்லதுதான். ஆனால் கெட்டியாக பிரேக் பிடிக்கும்போது பின்சக்கரம் லேசாகும், வேகத்தில் ஹேண்டில்பார் ஆட்டம் காட்டும். அப்படி ஆடினால், ஃபோர்க் குழாய்களை க்ளாம்ப்பில் முன்பு மேலே ஏற்றிவைத்திருந்தால் 5 மி.மீ. கீழே இறக்கிப் பாருங்கள்.

இன்னொரு விளைவு கியரிங்கில். டயர் சுற்றளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடுவதால் எல்லா கியரும் நீளமாகிவிடும், வண்டி சோம்பலாக எழும்பும். 14/37 ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம், முன்னால் 14 பல், பின்னால் 37) இருந்தால் பின்னால் 40 பல் போட்டால்தான் பழைய நிலைக்கு வரும். முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைத்தாலும் கிட்டத்தட்ட அதே பலன்தான்: 14-இல் ஒரு பல் என்பது பின்னால் ஏறத்தாழ மூன்று பல்லுக்குச் சமம். கார்ட் ட்ராக்குகளில் பெரிய மாற்றத்துக்கு முன்பல்லையும், நுணுக்கமான சரிக்கட்டலுக்குப் பின்பல்லையும் மாற்றுவது வசதி.

தொழிற்சாலை வண்டியில் முன்னால் இருப்பது டிரம் பிரேக். ட்ராக்கில் தொடர்ந்து ஓட்டினால் சூடேறிப் பிடி குறையும், ஒவ்வொரு வளைவிலும் லீவர் வேறு மாதிரி உணர்த்தும். சக்கரம் மாற்றும் செலவோடு முன்னால் டிஸ்க்கும் போட்டுவிடுவது உத்தமம். பின் டிரம்மை அப்படியே விடலாம்.

ட்ராக்கில் இறங்கும் முன்

ஆயில் வடிகால் போல்ட், ஆயில் ஊற்றும் மூடி இரண்டையும் துளையிட்டுக் கம்பி கட்டுங்கள். கம்பியை இறுக்கும் திசையில் இழுக்குமாறு கட்ட வேண்டும், எதிர்த் திசையில் கட்டினால் கட்டியும் பயனில்லை. எஞ்சின் மூச்சுக்குழாயை ஒரு சேகரிப்புக் குப்பியில் விடுங்கள். சைடு ஸ்டாண்டைக் கழற்றுங்கள். ஹேண்டில்பாரின் இரு நுனிகளையும் அடைக்க வேண்டும், திறந்த குழாய் விழும்போது உடம்பில் வட்டமாகக் குத்தி வெட்டிவிடும். அச்சுகளின் முனையில் நைலான் ஸ்லைடர் போட்டால் வண்டி விழுந்தாலும் ஃபோர்க்கும், பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்மும் தப்பும். மணிக்கட்டில் மாட்டும் கில் ஸ்விட்ச் கயிறு (விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது) அவசியம்.

ஃபுட்பெக் (கால் வைக்கும் கட்டை) மடங்கும் வகையாக இருக்க வேண்டும். மடங்காத பெக் சாய்வில் தரையைத் தொட்டால் வண்டியை நெம்பி பின்சக்கரத்தைத் தூக்கிவிடும். டயரில் பிடி இருந்தும் வண்டி வழுக்கி விழுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

செயின் தொய்வைப் பார்க்கும்போது ஒருவரை உட்காரவைத்துப் பாருங்கள். பின் அச்சு, ஸ்விங்ஆர்ம் ஆணி, முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் வரும் இடத்தில்தான் செயின் மிக இறுக்கமாக இருக்கும். அங்கேயும் சிறிது தொய்வு மிஞ்ச வேண்டும். ஆள் இல்லாமல் கீழ்ச் செயினின் நடுவில் 25 முதல் 35 மி.மீ. என்பது பொதுவான அளவு. இறுக்கமான செயின் சஸ்பென்ஷன் அமிழ்வதைத் தடுக்கும், கூடவே கியர்பாக்ஸ் அச்சின் பேரிங்கையும் தின்றுவிடும். அகல டயர் போட்ட பின் செயினுக்கும் டயருக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று சக்கரத்தை முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். ஸ்விங்ஆர்மில் உள்ள கோட்டுக் குறிகளை நம்பி சக்கரத்தை நேர்ப்படுத்த வேண்டாம். ஸ்விங்ஆர்ம் ஆணியின் நடுவிலிருந்து அச்சின் நடுவரை இருபக்கமும் அளந்து சமப்படுத்துங்கள்.

உடையில் சமரசம் கூடாது. ஒரே துண்டு தோல் சூட், முதுகுக் காப்பு, முழு ஹெல்மெட், கணுக்காலை மூடும் பூட்ஸ், மணிக்கட்டைத் தாண்டும் கையுறை. வண்டி சின்னதாக இருப்பதால் விழுந்தால் வலிக்காது என்று நினைக்க வேண்டாம், தார் ஒன்றுதான்.

ஓட்டும் முறை

உட்காரும் இடம் முன்னால், டேங்க்கை ஒட்டி. முழங்கைகள் வெளியே உயர்ந்து இருக்க வேண்டும். பிரேக் லீவரில் இரண்டு விரல். வளைவில் உடம்பை நிமிர்த்தி வைத்து வண்டியை மட்டும் உள்ளே அமுக்குங்கள். எடை வெளிப்பக்க பெக்கில் இறங்க வேண்டும். உள்பக்கக் காலை முன்சக்கரத்தின் பக்கமாக முன்னோக்கி நீட்டி, பாதம் தரைக்குச் சற்று மேலே மிதக்கவிடுங்கள். கால் பக்கவாட்டில் விரிந்தோ பின்னால் இழுபட்டோ போனால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும்.

இந்த முறைக்கு ஒரு வரம்பு இருக்கிறது. வண்டியை அமுக்கி ஓட்டினால் அதே வேகத்துக்கு அதிகச் சாய்வு தேவை, பெக் சீக்கிரம் தரையைத் தொடும். ஒட்டும் ஸ்லிக் போட்டு வேகம் கூடும்போது, நீளமான வளைவுகளில் உடம்பை உள்ளே தொங்கவிட்டு முழங்காலை நீட்டும் ரோட் ரேஸ் முறையே சிறந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் கால் முன்னே, அகன்ற வளைவுகளில் முழங்கால் வெளியே என்று இரண்டையும் கலந்து பழகுவதையே பரிந்துரைப்போம். புதியவர் கால்நீட்டு முறையில் தொடங்கட்டும். முன்சக்கரம் நழுவத் தொடங்கினாலும் உடம்பு நிமிர்ந்திருப்பதால் சுதாரிக்க நேரம் கிடைக்கும்.

கிளட்ச் லீவர் இல்லாத வண்டியில் கியர் குறைப்பது தனிக் கலை. கியர் பெடலை அமுக்கும்போது அதுவே கிளட்சை விடுவிக்கிறது. அமுக்கியபடி அரை நொடி பிடித்து, த்ராட்டிலை ஒரு சிறு முறுக்கு முறுக்கி எஞ்சின் சுழற்சியை ஏற்றி, பிறகு பெடலை மெதுவாக விடுங்கள். படாரென்று மிதித்து விட்டால் பின்சக்கரம் ஒரு கணம் பூட்டிக் குதிக்கும். வளைவுக்குள் நுழையும் நேரத்தில் அது நடந்தால் வண்டி பக்கவாட்டில் போய்விடும். இதை நேர்பாதையில், மெதுவான வேகத்தில், கை பழகும்வரை செய்து பாருங்கள்.

பயிற்சிக்கு முதலில் இரண்டு கூம்புகளை 10 மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டு வடிவம் போடுங்கள். கண் எப்போதும் அடுத்த கூம்பில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் நன்றாகவும் மறுபக்கம் தடுமாற்றமாகவும் இருந்தால் (எல்லோருக்கும் ஒரு பக்கம் அப்படித்தான் இருக்கும்) தடுமாறும் பக்கத்துக்கு இரட்டிப்பு நேரம் ஒதுக்குங்கள்.

ட்ராக்கில் பலன் தருவது பிரேக் இல்லாப் பயிற்சி. ட்ராக் காலியாக இருக்கும் நேரத்தில், மூன்றாவது கியரில் போட்டு, பிரேக்கைத் தொடாமல், கியர் மாற்றாமல் பாதி வேகத்தில் சுற்றுங்கள். எந்த இடத்தில் த்ராட்டிலை மூடினால் வளைவுக்குச் சரியான வேகம் வருகிறது என்று உடம்புக்குப் புரியும். அதன்பின் பிரேக்கைச் சேர்க்கும்போது, முன்பு தேவைக்கு மேல் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது தெரியவரும். பிரேக் லீவரை முதலில் மெல்ல அமுக்கி ஃபோர்க் அமிழ்ந்த பிறகே வலுவாக இழுங்கள். வண்டி சாயச் சாய விரலைத் தளர்த்தி, வளைவின் உள்முனை வரும்போது முழுதும் விட்டுவிட வேண்டும். சாய்வும் பிரேக்கும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருந்தால் முன்சக்கரம் மடங்கி விழுவது உறுதி. பிரேக்கை விட்டபின் த்ராட்டிலும் இல்லாமல் வெறுமனே உருள்வது அடுத்த தவறு. பிரேக் விட்டதுமே த்ராட்டிலை ஒரு நூல் திறந்து பிடியுங்கள், வண்டி அமைதியாகிவிடும்.

செட்டப்: எதை முதலில் தொடுவது

பத்து லேப் ஓட்டினால் எல்லா நேரமும் அரை நொடிக்குள் விழும்வரை செட்டப்பை மாற்ற வேண்டாம். அதற்குமுன் எதை மாற்றினாலும், மாறியது வண்டியா ஓட்டுபவரா என்று சொல்ல முடியாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

முதலில் டயர் காற்று. டயர் தயாரிப்பாளர் அளவு சொல்லியிருந்தால் அதுவே வேதவாக்கு. இல்லாவிட்டால் குளிர்ந்த நிலையில் இரண்டு பக்கமும் 20 பிஎஸ்ஐயில் தொடங்கலாம். 15 நிமிடம் ஓட்டி உள்ளே வந்ததும், ஹெல்மெட்டைக் கழற்றும் முன்பே அளந்துவிடுங்கள், சின்ன டயர் வேகமாக ஆறிவிடும். 2 அல்லது 3 பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. 4-க்கு மேல் ஏறினால் தொடக்கத்தில் காற்று குறைவு: டயர் அதிகம் நெளிந்து சூடாகியிருக்கிறது. ஏற்றம் 1 கூட இல்லையென்றால் காற்று அதிகம், டயர் வேலையே செய்யவில்லை. முதல் இரண்டு மூன்று லேப் எப்போதும் நிதானமாகப் போங்கள். ட்ராக்கில் ஒருபக்க வளைவுகளே அதிகம் என்றால் மறுபக்கம் கடைசிவரை குளிர்ந்தே இருக்கும். வலப்பக்கமே திரும்பி வந்தபின் வரும் ஒற்றை இடப்பக்க வளைவில் விழுபவர்கள் அதனால்தான் விழுகிறார்கள்.

அடுத்து சேக், அதாவது ஆள் உட்காரும்போது சஸ்பென்ஷன் எவ்வளவு அமிழ்கிறது என்பது. சக்கரம் தரையைத் தொடாதபடி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து நேர் மேலே ஒரு புள்ளிவரை அளங்கள். முழு உடையோடு ஓட்டுபவர் உட்கார்ந்ததும் மறுபடி அளங்கள். வித்தியாசம் மொத்தப் பயணத்தில் 25 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும். கேஎல்எக்ஸ் 110-இன் பயணம் 110 மி.மீ., ஆகவே 28 முதல் 33 மி.மீ. இவை சிறுவர்களுக்கான ஸ்ப்ரிங்கோடு வருபவை. பெரியவர் உட்கார்ந்தால் பாதிக்கு மேல் அமிழ்ந்துவிடும். ப்ரீலோடை (ஸ்ப்ரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவை) ஏற்றிச் சரிக்கட்டப் பார்க்காமல் கடினமான ஸ்ப்ரிங்கே வாங்குங்கள். ப்ரீலோட் வண்டியின் உயரத்தை மாற்றுமே தவிர ஸ்ப்ரிங்கைக் கடினமாக்காது.

ஃபோர்க்கின் பளபளப்பான குழாயில் ஒரு ஜிப் டை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டை) கட்டி ஓட்டிப் பாருங்கள். அது எங்கே போய் நிற்கிறதோ அதுவரை அமிழ்ந்திருக்கிறது. கடைசி 10 மி.மீ. மிஞ்ச வேண்டும். முழுதும் அமிழ்ந்துவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அடித்தட்டி முன்சக்கரம் துள்ளும். பாதிகூட அமிழவில்லையென்றால் ஸ்ப்ரிங் கடினம், அல்லது பிரேக்கை நீங்கள் இன்னும் முழுதாகப் பயன்படுத்தவில்லை.

கியரிங் கடைசியில். மிக நீளமான நேர்பாதையின் முடிவில், பிரேக் பிடிக்கும் கணத்தில் எஞ்சின் உச்ச சுழற்சிக்கு வந்திருக்க வேண்டும். அதற்கு வெகுமுன்பே கத்தத் தொடங்கினால் பின் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறையுங்கள், எட்டவே இல்லையென்றால் ஒரு பல் கூட்டுங்கள். ஆனால் சாய்ந்திருக்கும் நேரத்தில் கியர் மாற்ற நேர்கிறது என்றால், நேர்பாதையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது அதைத் தவிர்க்கும் பல்லையே போடுங்கள்.

நாள் முடிந்ததும்

ஒரு லிட்டர் அளவு ஆயிலில் ஓடும் எஞ்சின் நாள் முழுதும் உச்ச சுழற்சியில் உழைத்திருக்கிறது. ஓரிரு ட்ராக் நாளுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுங்கள். கிளட்சும் அதே ஆயிலில் நனைவதால் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 (ஆயிலில் நனையும் கிளட்சுக்கான தரக் குறி) குறி உள்ளதையே ஊற்றவும், கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். ஸ்போக் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பானரால் தட்டிப் பாருங்கள், மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது. அச்சு நட், ஸ்ப்ராக்கெட் போல்ட், காலிப்பர் போல்ட், ஹேண்டில்பார் க்ளாம்ப் நான்கையும் டார்க் ரெஞ்சில் சரிபார்த்து, பெயிண்ட் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை தளர்வு பார்வையிலேயே தெரிந்துவிடும்.