பிளஸ் ஒன் இயற்பியல் வகுப்பில் சக மாணவர் கற்பித்தல்: நடத்தும் முறை

ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர், சூத்திரத்தில் எண்களைப் பொருத்திக் கணக்கைச் சரியாகப் போடும் மாணவர்களே அடிப்படைக் கருத்தைக் கேட்டால் தடுமாறுவதைக் கண்டு, 1991-இல் தம் வகுப்பில் தொடங்கிய முறை இது. அங்கே பிற்காலத்தில் மாணவர்கள் தம் விடையைத் தெரிவிக்க மின்னணுக் கருவிகள் வந்தாலும், நமக்கு அ, ஆ, இ, ஈ என்று பெரிதாக எழுதிய நான்கு அட்டைகள் மாணவருக்கு ஒரு தொகுதியாக இருந்தால் போதும்.

பாடத்தைப் பத்து நிமிடம் நடத்தியபின், கணக்கிடத் தேவையில்லாத ஒரு கொள்குறி வினாவைக் கரும்பலகையில் எழுதுங்கள். செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியை அடையும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்பது நல்ல வினா; திசைவேகம் சுழியாவதால் முடுக்கமும் சுழி என்றே பலர் எண்ணுவர். பேசாமல் சிந்திக்க ஒரு நிமிடம் கொடுத்து, அனைவரும் ஒரே நேரத்தில் அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். தலைக்கு மேல் தூக்கினால் பின்வரிசை பார்த்துவிடும்.

சரியான விடை 30 சதவீதத்துக்கும் குறைவாக இருந்தால் கருத்தை மீண்டும் விளக்குங்கள். 70-ஐத் தாண்டினால் சுருக்கமாகக் காரணம் கூறி அடுத்ததற்குச் செல்லலாம். இடைப்பட்ட நிலைதான் இம்முறைக்கு உரிய இடம். விடையை வெளியிடாமல், முகத்திலும் காட்டாமல், மாற்று விடை வைத்திருக்கும் பக்கத்து மாணவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிடச் சொல்லிவிட்டு, பெஞ்சுகளுக்கிடையே நடந்து காது கொடுங்கள். “பந்துதான் நின்றுவிட்டதே, பிறகு ஏது முடுக்கம்?” என்று ஒருவர் கேட்க, “முடுக்கமே இல்லையென்றால் அது கீழே வராமல் அங்கேயே அல்லவா நிற்க வேண்டும்?” என்று மற்றவர் மடக்குவார். அண்மையில்தான் அதைப் புரிந்துகொண்டவர் என்பதால், எதிரிலிருப்பவர் எங்கே சிக்கியிருக்கிறார் என்பது நம்மைவிட அவருக்கு எளிதில் பிடிபடுகிறது. சத்தம் வரத்தான் செய்யும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பிறகு மறுபடியும் அட்டையைக் காட்டச் செய்து, எத்தனை பேர் மாறினர் என்று பார்த்தபின், பந்தின் மீது ஈர்ப்பு விசை உச்சியிலும் செயல்படுவதால் முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி² என்பதை விளக்குங்கள்.

ஒரு பாடவேளைக்கு இரண்டு வினாக்களுக்கு மேல் வேண்டாம். அட்டைக்கு மதிப்பெண் அறவே வேண்டாம், போட்டால் மாணவர்கள் வகுப்பின் முதல் மாணவரைப் பார்த்தே அட்டையை எடுப்பார்கள். தவறான தெரிவுகளை நாமாகக் கற்பனை செய்வதைவிடச் சென்ற தேர்வின் விடைத்தாள்களிலிருந்து எடுப்பதே சிறந்தது.