பேர்கன்ல இருந்து பலாலிக்கு உண்மையில எவ்வளவு நேரம்?

நோர்வேயில இருக்கிற பேர்கனையும் யாழ்ப்பாணத்துப் பலாலி ஏர்போட்டையும் போட்டு நெட்டில தூரம் பாத்தா 8,200 கிலோமீட்டர் சொச்சம், பத்தரை பதினொரு மணித்தியாலம் எண்டு காட்டும். அதை நம்பி "காலமை வெளிக்கிட்டா இரவு வந்திடுவம்" எண்டு ஊருக்கு போன் பண்ணிச் சொல்லிப்போடாதேங்கோ. உலக உருண்டையில நூல் பிடிச்ச மாதிரி அளந்துபோட்டு, ஜெட் மணிக்கு 800 கிலோமீட்டர் ஓடும் எண்டு வச்சுப் பிரிச்ச கணக்கு அது. அப்பிடி ஒரு பிளைட் இல்ல, இப்போதைக்கு வரவும் வராது, ஏனெண்டா பலாலி ஓடுபாதையில இறங்கிறது ஏடிஆர் எண்ட எண்பது சீட்டுக்குள்ளான சின்ன பிளேன்தான்.

ஆனா பாருங்கோ, சுத்திப் போறதால தூரம் பெரிசா கூடேல்ல. பேர்கன்–ஒஸ்லோ 325, ஒஸ்லோ–டோஹா 4,950, டோஹா–சென்னை 3,300, சென்னை–பலாலி 360, எல்லாம் கூட்டினா 8,900 சொச்சம்தான். பறக்கிற நேரமும் 13 மணித்தியாலம் அளவில முடிஞ்சிடும். மிச்சமெல்லாம் ஏர்போட்டுகளில குந்தியிருக்கிற நேரம், அதால டிக்கெட் தேடேக்க கிலோமீட்டரை விட்டுட்டு இடையில எத்தினை மணித்தியாலம் நிக்கோணும் எண்டதைத்தான் பாக்கவேணும்.

சென்னையிலதான் கனபேர் மாட்டுப்படுறது. கல்ஃபில இருந்து வாற பிளைட் கனக்க விடியப்புறத்தில இறங்கும், பலாலிக்கு ஓடுறது பகல் பிளைட். ரெண்டும் வேற வேற டிக்கெட் எண்டா நீங்க இமிக்ரேசனால வெளிய வந்து, பெல்ட்டில சூட்கேஸ் எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, திரும்ப டிப்பாச்சருக்குப் போய் முதல்ல இருந்து செக்கின் பண்ணோணும். அதுக்கு இந்திய விசா கட்டாயம் வேணும், திரும்பி வரேக்கயும் அதே பாதை எண்டா ரெண்டு தரம் உள்ளுக்க போற விசாவா எடுங்கோ. இலங்கைக்கு ஈடிஏ எண்ட ஒன்லைன் பயண அனுமதி வேற. பெரிய பிளேன்ல தந்த கிலோவை சின்ன பிளேன்காரர் ஏத்துக்கொள்ளோணும் எண்டு ஒண்டும் இல்ல, சொக்லேட்டும் சென்ட் போத்தலும் நிரப்ப முதல் அந்த ரெண்டாவது டிக்கெட்டை வாசியுங்கோ. திருச்சியில இருந்தும் 2025 மார்ச்சில பலாலிக்கு பிளைட் தொடங்கினது, நேர்தூரம் 185 கிலோமீட்டர் அளவுதான், கோயில் குளம் பாத்திட்டுப் போறாக்களுக்கு அது வாசி.

டிக்கெட்டில இருக்கிற நேரம் அந்தந்த ஊர் நேரம். பேர்கன்ல காலமை 11 மணிக்கு வெளிக்கிட்டு அடுத்த நாள் பின்னேரம் 3:30க்கு இறங்கிறீங்கள் எண்டா இருபத்தெட்டரை எண்டு எண்ணாதேங்கோ, குளிர்காலத்தில நாலரை கழியோணும், அப்ப 24 மணித்தியாலம். சமருக்கு மூண்டரைதான் கழியும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம், அதில குழப்பமில்ல.

சின்னப் பிள்ளையளும் நிறைய பெட்டியளும் எண்டா நான் கொழும்புப் பக்கத்துக் கட்டுநாயக்கா ஏர்போட்டைத்தான் சொல்லுவன். டோஹாவில இருந்து அஞ்சு மணித்தியாலம் அளவு, இந்திய விசா வேண்டாம், பெட்டி ஒருக்கா எடுத்தா போதும். பிறகு வான் பிடிச்சு யாழ்ப்பாணம் போக ஏழு எட்டு மணித்தியாலம் எடுக்கும், ஆனா விடிய இறங்கிற பிளைட்டா பாத்து எடுங்கோ, ராத்திரி முழுக்க முழிச்ச டிரைவரோட புத்தளம் ரோட்டில போறது எனக்கு எண்டா சரிவராது.